பரிசில், பட்டம், பொன்னாடை: கல்முனைப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

நீலாவணனின் 'வழி' என்னும் கவிதைத் தொகுதி 1976 ஆம் ஆண்டு வெளிவந்தது. இலங்கைச் சாகித்திய மண்டலத்தின் பரிசும் அதற்குக் கிடைத்தது. ஆயின், அப்பரிசைக் கைநீட்டிப் பெற்றிருக்க வேண்டியவர் அப்போது உயிருடன் இல்லை. 1975 ஜனவரியில், தமது நாற்பத்து மூன்றாவது வயதில், அவர் காலமாகிவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் இடைவிடாது எழுதிய ஒருவருக்கு, அவர் வாழ்ந்த காலத்தில் ஒரு கவிதைத் தொகுதிதானும் அச்சில் வரவில்லை.

நீலாவணன் என்பது க. சின்னத்துரை என்னும் ஆசிரியர் தமது ஊரை நினைந்து வைத்துக்கொண்ட புனைபெயர். அவ்வூர் பெரியநீலாவணை. கட்டுரையாளனின் ஊராகிய மருதமுனைக்கு வடக்கே, வேலியொன்றைக் கடந்தாற்போல அடுத்திருப்பது. காரைதீவிலிருந்து வடக்கு நோக்கி வருபவர் சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை என ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஊர்களைக் காண்பர். தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறிக் குடியிருக்கும் இக்கடற்கரை நெடுகிலும் தமிழே பேச்சு, தமிழே எழுத்து. கல்முனையிலே தமிழ் எழுத்தாளர் சங்கமொன்றை அமைத்து, 'பாடும்மீன்' என்ற ஏட்டையும் சில இதழ்கள் வரை நடத்திய நீலாவணனைச் சூழ்ந்து வளர்ந்தோருள் எம். ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி ஆகியோரும் அடங்குவர். தம்மைச் சார்ந்தோரை இன்னாரென்று உலகுக்குக் காட்டிய ஒருவருக்கு, உலகம் அவரை இன்னாரென்று காட்டுவதற்கு இத்துணைக் காலம் ஏன் எடுத்தது? இவ்வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாய். கலைஞரைப் போற்றுவதற்கென இன்று நம் ஊர்களில் நடைபெறும் விழாக்களையும் அவற்றுக்காகும் செலவையும் காணுந்தோறும் இவ்வினா கூர்மையடைகின்றது. அப்புகழ்ச்சி தகுதியானதா, அச்செலவு முறையானதா என்பதை ஆராயப் புகுமுன், நம் மரபில் புகழும் பொருளும் எவ்வாறு தொடர்புற்றிருந்தன என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பண்டைத் தமிழ்ப் புலவனுக்குப் பரிசில் என்பது வெறும் கொடை அன்று. அது ஒரு கொடுக்கல் வாங்கல். புலவன் புகழைத் தந்தான். மன்னன் பொருளைத் தந்தான். இவ்வுறவின் சமூக அடிப்படையைப் பேராசிரியர் கைலாசபதி வீரயுகப் பாடல்கள் பற்றிய தமது ஆய்வில் விளக்கியுள்ளார். பதிற்றுப்பத்தின் பதிகங்களோ கணக்கப்பிள்ளையின் பேரேடு போன்று பரிசில்களைக் குறித்து வைத்துள்ளன. செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிய கபிலருக்கு நூறாயிரம் காணமும், மலைமீதேறிக் கண்ட நாடும் வழங்கப்பட்டதாக அங்கே கூறப்படுகின்றது. இத்தொகைகளை வரலாற்றுண்மையெனக் கொள்வதா, பிற்காலத்தார் பெருக்கிச் சொன்னதெனக் கொள்வதா என்பது வேறு விடயம். புலவனுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்திருக்கத் தக்கதெனத் தமிழர் கருதினர் என்பதே ஈண்டு நமக்கு வேண்டுவது.

இத்தொடர்பில் பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் தனித்து நோக்கற்பாலர். வறுமை அவரை வாட்டியது. தம் வீட்டின் பசியைப் பாடிய அளவுக்கு வேறு எதனையும் அவர் பாடினாரல்லர் எனத் தோன்றுகின்றது. அத்தகையவர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிச் சென்றார். அவன் அவரை நேரிற் காணாமலே பொருளை அனுப்பிவைத்தான். அவர் அதனை ஏற்க மறுத்தார். தாம் வாணிகம் செய்ய வந்தவரல்லர் என்றும், தம்மைக் கண்டு, தம் தகுதியை அறிந்து தினையளவு தந்தாலும் அதுவே இனிதென்றும் கூறினார் (புறநானூறு 208). மற்றொருமுறை இளவெளிமான் குறைவாகக் கொடுத்தபோது அதனை விட்டெறிந்து சென்று, குமணனிடம் யானையே பரிசிலாகப் பெற்றுவந்து, இளவெளிமானின் காவல்மரத்திலே அதனைக் கட்டிவிட்டுப் போனார் (புறநானூறு 162). குமணன் தந்த செல்வத்தை வீட்டிற்குக் கொண்டுவந்ததும், இன்னார் இனியார் என்று பாராமல் எல்லோருக்கும் கொடு என்று மனைவியிடம் கூறியவரும் இவரே (புறநானூறு 163).

இதனை அடக்கமென்பதா, செருக்கென்பதா? அடக்கமென்றால் தலைகுனிந்து வாங்கிக்கொள்ளல் என்று பொருள்கொள்வோருக்கு இது செருக்காகவே தோன்றும். ஆனால், பெருஞ்சித்திரனார் பொருளை மறுக்கவில்லை. காணாது தரப்பட்டதையே மறுத்தார். புலவனை அறியாமல், அவன் பாட்டைக் கேளாமல் தரப்படும் பரிசில் அவனை இரவலனாக்கிவிடுகின்றது என்பதே அவர் கட்சி. இன்று விருது பெறுபவரின் பெயரையே பிழையாக வாசிக்கும் அறிவிப்பாளரையும், அவர் எழுதிய நூலொன்றின் தலைப்பையேனும் அறியாது பொன்னாடை போர்த்தும் பிரமுகரையும் கண்டு பழகிய நமக்கு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இக்கோபம் அந்நியமானதன்று.

கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு மிக அணுக்கமான மற்றோர் உதாரணம் சீறாப்புராணம். நம் ஊர்களில் அந்நூலை இசையோடு படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. 5027 பாடல்களைக் கொண்ட அக்காப்பியத்தை உமறுப்புலவர் பாடுதற்குத் தூண்டுகோலாயிருந்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி என வழங்கப்படும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது மரபு. சேதுபதி மன்னரோடு நெருங்கிய தொடர்புடையவராயிருந்த இவ்வணிகர், இந்து முஸ்லிம் என்ற பேதமின்றிப் புலவர்களை ஆதரித்தவர். 'செத்துங் கொடுத்தான் சீதக்காதி' என்ற பழமொழியை அறியாத தமிழர் அரியர். காப்பியம் நிறைவெய்து முன்னர் வள்ளல் மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்து நூலைத் தொடரச் செய்தார்.

இங்கே ஒரு புதுமை உண்டு. நூலினுள்ளே ஆங்காங்கே புகழப்படுபவர் அபுல்காசிம். சீதக்காதியின் பெயரோ நூலிற் காணப்படவில்லை. தொடக்கி வைத்தவர் விடப்பட்டு, முடித்து வைத்தவர் பாடப்பட்டார். இதனை நன்றி மறத்தல் என்று குறை கூறியோரும் உளர். கொடுத்தவரைப் பாடுதல் புலவரின் கடப்பாடு என அமைதி கண்டோரும் உளர். கட்டுரையாளனுக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகின்றது. காப்பியத்தினிடையே ஒரு வணிகரின் கொடைச் சிறப்பு வந்து நிற்பது இன்றைய வாசகனுக்கு உறுத்தலாயிருக்கலாம். ஆனால், அப்பாடல்கள் ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் புலவரின் அடுப்புக்கும் ஆன செலவின் வரவுச் சீட்டுகளேயாம். சீதக்காதிக்கோ காப்பியத்துக்கு வெளியே ஒரு பழமொழி கிடைத்தது. எது பெரிது என்று தீர்ப்பது எளிதன்று.

சொல்லாமல் விடத்தகாத மற்றொன்றும் உண்டு. உமறுப்புலவர் 1703 இல் மறைந்தார் என்பர். சீறாப்புராணம் முதன்முதலாக அச்சேறியது 1842 இல். ஏறத்தாழ 140 ஆண்டுகள் அது ஏட்டுச் சுவடிகளிலே கிடந்தது. சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி அச்சிட்டவர் செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். இவரே ஒரு பெரும் புலவர். காப்பியங்கள் பல பாடியவர். தம் நூலை விட்டுப் பிறர் நூலைத் தேடியலைந்த இப்பதிப்பாசிரியரைப் பற்றி நம் ஊர்களில் பேசுவாரில்லை. எட்டயபுரத்தில் உமறுப்புலவருக்குத் தமிழ்நாட்டு அரசு மணிமண்டபம் எழுப்பியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், 1842 ஆம் ஆண்டின் அச்சு இல்லையேல் அம்மண்டபத்துக்கு அடிப்படை ஏது?

குடியேற்ற ஆட்சிக் காலத்திற் புகழின் ஊற்று இடம்பெயர்ந்தது. முதலியார், முகாந்திரம் முதலான பதவிப் பெயர்கள் காலப்போக்கிற் கடமையோடு சேராத வெறும் கௌரவப் பட்டங்களாகவும் வழங்கப்பட்டன. தேசாதிபதி மேலிருந்து வழங்க, பெறுபவர் உடைவாளும் அங்கியுமாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். 1956 இன் பின்னர் பிரித்தானியப் பட்டங்கள் நின்றன. 1986 இல் தேசிய கௌரவங்களுக்கெனத் தனிச்சட்டம் வந்தது. பட்டங்களின் மொழி மாறியது. மேலிருந்து கீழ் வரும் அதன் திசை மாறியதாகத் தெரியவில்லை.

இனி, நம் கரைக்கு மீள்வோம். பாராட்டும் செலவும் ஒருசேரத் தகுதி பெற்ற ஒரு நிகழ்ச்சியைத் தேடின், காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் அரங்கேற்றத்தையே முதலிற் சுட்ட வேண்டும். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் எனப் பெயரின் முன்னும் பின்னும் அடுக்கத்தக்க பட்டங்கள் பல அவருக்கிருந்தன. 1924 இல் துறவு பூண்டபோது பண்டிதர் மயில்வாகனனார் என்ற பெயரையே துறந்தவருக்கு அவை பொருட்டாயிருந்திரா. ஆனால், அவரும் புகழ் மேடையேறினார். 1947 ஜூன் 5, 6 ஆம் திகதிகளில், தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. அவரது ஆராய்ச்சியின் வழி அமைக்கப்பட்ட யாழ்க் கருவிகள் ஏந்திச் செல்லப்பட்டன. அவை மீட்டிக் காட்டப்பட்டன. புலவர்களும் இசைவாணரும் கூடியிருந்தனர். நோயினால் தளர்ந்திருந்த அடிகள் அச்சிறப்பையெல்லாம் ஏற்றுக்கொண்டார்.

பணமின்றி இது நடந்திருக்காது. புதுக்கோட்டைச் சிதம்பரஞ் செட்டியார் பொருளுதவினார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. ஆண்டுக்கணக்கில் நீண்ட ஆராய்ச்சிக் காலத்தில் அடிகள் தங்கி எழுதுவதற்கு இடமும் அச்செட்டியாராற் கிடைத்தது. செலவின் வரிசையை இங்கே கவனித்தல் வேண்டும். முதலில் ஆராய்ச்சிக்கு வசதி, அடுத்து அச்சு, அதன் பின்னரே விழா. அரங்கேற்றத்தின் மேளதாளம் எவ்வளவு பெரிதாயினும், அதன் நடுவே கையில் எடுத்துப் புரட்டத்தக்க ஒரு நூல் இருந்தது. அரங்கேறி நாற்பத்து நான்காம் நாள், 1947 ஜூலை 19 இல், அடிகள் மறைந்தார். இன்னும் இரண்டு மாதம் தாமதித்திருப்பின் அதுவும் ஓர் அஞ்சலிக் கூட்டமாகவே முடிந்திருக்கும்.

அடிகள் பிறரை இனங்கண்ட முறையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றொரு துறை உண்டென்பதையே கல்வியுலகம் பெரிதும் பாராட்டாத காலத்தில், பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் என்ற மாணவரை அத்துறையில் ஊக்கியவர்களுள் விபுலாநந்தர் முதன்மையானவர். தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினை முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்ந்த உவைஸ், பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கான பேராசிரியராக அமர்ந்தார். ஒரு துறவியின் சில சொற்களுக்கு மண்டப வாடகை வேண்டியிருக்கவில்லை.

பொன்னாடை என்று எடுத்துக்கொண்டால், இஸ்லாமிய மரபிலும் அதற்கொரு முன்மாதிரி உண்டு. புகழ்வோரின் முகத்தில் மண்ணை வீசுமாறு கூறும் நபிமொழியை நம் ஊர் உலமாக்கள் மேடைகளிலே எடுத்துக்காட்டுவது வழக்கம். முகஸ்துதிக்காகச் செய்யப்படும் நற்செயல் பயனற்றுப்போம் என்பதும் நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த போதனை. ஆயின், அதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், முன்னர் தம்மை இகழ்ந்து பாடிய கஃபு இப்னு சுஹைர் என்ற கவிஞர் மனந்திருந்தி வந்து கவிதை பாடியபோது, தாம் போர்த்தியிருந்த மேலாடையை எடுத்து அவருக்கு அணிவித்தார்கள் என்றும் வரலாறு கூறும். பிற்காலத்தில் முஆவியா அதனைப் பெரும் பொருள் கொடுத்து வாங்க முற்பட்டபோது கஃபு மறுத்துவிட்டார். அவர் மறைந்த பின்னரே வாரிசுகளிடமிருந்து அது பெறப்பட்டது என்பர். மண்ணும் மேலாடையும் ஒரே மரபிலே இருப்பதில் முரண்பாடில்லை. பயன் கருதி முகத்தெதிரே அடுக்கப்படும் புகழுக்கு மண். பாட்டைக் கேட்டவர் தம் தோளிலிருந்தே எடுத்துத் தந்தது மேலாடை. கடையிலிருந்து பொதியாக வாங்கி, மேடையின் பின்புறம் அடுக்கிவைத்து, பிரமுகர்களையும் கலைஞர்களையும் வேறுபாடின்றி வரிசையாகப் போர்த்தும் இன்றைய ஆடை இவற்றுள் எதனோடு சேரும்?

இன்றைய முயற்சிகளை ஒரேயடியாகப் பழித்தலும் நேர்மையன்று. 1990 களின் தொடக்கத்தில், முஸ்லிம் சமய கலாசார இராஜாங்க அமைச்சராயிருந்த ஏ. எச். எம். அஸ்வர், 'வாழ்வோரை வாழ்த்துவோம்' என்ற பெயரில் விழாக்களை நடத்தி, முஸ்லிம் எழுத்தாளரையும் கலைஞரையும் அறபுப் பட்டங்கள் சூட்டிக் கௌரவிக்கச் செய்தார். அத்தலைப்பே ஒரு விமர்சனமாகும். இறந்தபின் இரங்கற்பா பாடும் சமூகத்தை நோக்கி, இருக்கும்போது சொல்லுங்கள் என்றது அது. அதற்கு முன் தம் ஊருக்கு வெளியே பெயர் அறியப்படாத பலருக்கு அதுவே முதல் அங்கீகாரம். கலாசாரத் திணைக்களத்தின் கலாபூஷணம் விருதும், கிழக்கு மாகாணத்தின் வித்தகர் விருதும் மூத்த கலைஞர் பலருக்கு முதுமையில் ஓர் ஆறுதலை அளித்துள்ளன. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் போன்று மரபுக் கவிதையில் ஆழங்காற்பட்டு 'நபிமொழி நாற்பது' போன்ற நூல்களைத் தந்தோர் பிறந்த ஊரில், பட்டத்தை வெறும் அலங்காரமென ஒதுக்க முடியாது. புலவர்மணி என்ற சொல் இன்றும் மருதமுனையில் ஒரு மனிதரின் இயற்பெயர் போலவே ஒலிக்கின்றது.

ஆனால், கலாபூஷணத்துக்கு விண்ணப்பம் கோரப்படுகின்றது. கலைஞர் தம் சாதனைகளைத் தாமே பட்டியலிட்டு, சான்றுகளை இணைத்து, பிரதேச செயலகத்தினூடாக அனுப்புதல் வேண்டும். நிருவாக நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. விண்ணப்பமில்லாவிடின் அமைச்சரின் அயலவருக்கும் அடியாருக்குமே விருது போய்ச்சேரும் என்று வாதிக்கலாம். எனினும், இம்முறை அடக்கமுடையோரை இயல்பாகவே வடிகட்டி வெளியே தள்ளிவிடுகின்றது. தம்மைத் தாமே புகழ்தல் தகாதென்று நம்பும் முதியவர் ஒருவர் அப்படிவத்தின் முன் பேனாவோடு அமர்ந்திருப்பதைக் கண்டோர், அதியமான் அனுப்பிய பரிசிலே மேல் என்பர். அவனாவது படிவத்தை நிரப்பச் சொல்லவில்லை.

செலவைப் பற்றிப் பேசுமிடத்து நூல் வெளியீட்டு விழாவைக் குறிப்பிடாமல் விட இயலாது. நம் நாட்டிலே தமிழ் நூலொன்றை அச்சிடுபவர் பெரும்பாலும் எழுதியவரே. மனைவியின் நகை அடகுக்குப் போவதும், விற்காத பிரதிகள் கட்டிலின் கீழ்க் கட்டுக்கட்டாகக் கிடப்பதும் எழுத்தாளர் வீடுகளில் எவரும் காணக்கூடியவை. ஆதலால், வெளியீட்டு விழாவில் முதற் பிரதியைப் பெறுதற்கு ஒரு தனவந்தர் அழைக்கப்படுகின்றார். அவர் ஒரு கடித உறையை நீட்டுகின்றார். ஒலிபெருக்கியில் அவர் புகழ் முழங்குகின்றது. பின்னர் சிறப்புப் பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயர். பல்கலைக்கழகத்தில் நாம் இதனை எள்ளி நகையாடுகின்றோம். புத்தகத்தை ஒருநாளும் திறந்து பாராத வணிகருக்கு இலக்கிய மேடையில் என்ன வேலை என்கிறோம். கட்டுரையாளனும் அவ்வாறே கூறித் திரிந்தவன்தான். சீறாப்புராணத்தின் அபுல்காசிம் பாடல்களைக் கற்றபின் அந்நகைப்பு அடங்கிற்று. அக்கடித உறையே அச்சகக் கடனை அடைக்கின்றது. முதற் பிரதி பெறுபவர் புகழை விலைக்கு வாங்குகின்றார் என்பது உண்மை. அவ்விலையில் ஒரு நூல் பிறக்கின்றது என்பதும் உண்மை. அவர் அப்புகழுக்குத் தகுதியுடையவரோ இல்லையோ, செலவு நூலிலே வந்து முடிகின்றது. பொன்னாடை விழாவிலோ போற்றப்படுபவர் முற்றிலும் தகுதியுடையவராயிருக்கலாம். மண்டப வாடகை, பதாகை, ஒலிபெருக்கி, சிற்றுண்டி, நினைவுச் சின்னம் என்று போன பணம் அவர் எழுதிய ஒரு பக்கத்தையேனும் தொடுவதில்லை.

நெசவூராகிய மருதமுனையிலே இதனை எழுதுவதில் வேறொரு கசப்பும் உண்டு. சாரமும் சேலையும் நெய்து நாடெங்கும் அனுப்பிய ஊர் இது. வீட்டுக்கு வீடு தறியொலி கேட்ட காலத்தை முதியோர் இன்றும் கூறுவர். 1977 இல் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கையோடு இறக்குமதித் துணி மலிந்து கைத்தறி நலிந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊரினுட் புகுந்தபோது எஞ்சியிருந்த தறிகளிற் பலவும் மனிதரோடு சேர்ந்து அழிந்தன. இப்போது நம் விழாக்களிலே போர்த்தப்படும் சரிகைச் சால்வைகள் நம் தறியில் நெய்யப்பட்டவையல்ல. கட்டுரையாளன் கண்ட விழாக்களில் ஒன்றிலேனும் உள்ளூர் நெசவாளர் ஒருவரின் ஆடை மேடையேறவில்லை.

கட்டுரையாளனின் உறவுக்காரரான முதியவர் ஒருவர் உளர். இளமையில் தறியில் இருந்தவர். பாவு ஓட்டிக்கொண்டே கவி கட்டுபவர். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளிற் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பாடியவர் எவரென்று கேட்பதும் வழக்கமில்லை. இவரோ தம் கவிகளைப் பாடசாலைக் கொப்பிகள் மூன்றில் எழுதி வைத்திருந்தார். ஊர்ச் சங்கங்கள் அவரைப் பலமுறை அழைத்துப் பாராட்டின. பெற்ற பொன்னாடைகளையும் அக்கொப்பிகளையும் ஒரே பெட்டகத்தில் வைத்திருந்தார். கடல் வந்த காலையில் பெட்டகத்தோடு எல்லாம் போயிற்று. சில ஆண்டுகள் கழித்து அவரை மீண்டும் மேடையேற்றி மற்றுமொரு பொன்னாடை போர்த்தினர். அவர் அதனைக் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டார் என்று கண்டோர் கூறுவர். அவ்விழா அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். அண்மையில் அவரிடம் இதுபற்றிக் கேட்டபோது, "சால்வ மறுகா வந்திச்சி மகன், கொப்பி வரல்ல" என்றார். குறை கூறும் தொனியில் அன்று. கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்வது போலவே சொன்னார்.

நீலாவணனின் நிலை இவ்வகையில் ஓரளவு நற்பேறுடையது. அவர் எழுதியவை பத்திரிகைகளிலே அச்சாகியிருந்தமையால் தேடி எடுத்துத் தொகுக்க முடிந்தது. 'வழி'க்குப் பின் அவரது 'வேளாண்மை' என்னும் காவியமும் 1982 இல் நூலாயிற்று. இப்பிரதேசத்து உழவரின் வாழ்வை வயலின் மணத்தோடு கூறும் அந்நூல் முற்றுப்பெறாதது. அவர் இருக்கும்போதே அதற்கு ஒருவர் பொருளுதவியிருந்தால் முற்றுப்பெற்றிருக்குமோ என்ற எண்ணம் வாசிப்பவருக்குத் தோன்றாமலிராது. கர்ணனின் கதையை 'மழைக்கை' என்ற பா நாடகமாக்கி மேடையேற்றியவர் நீலாவணன். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தவனைப் பாடிய அவர், தமக்கென எவரிடமும் சென்று கேட்டதாகத் தெரியவில்லை. கேளாதவரைத் தேடிச் செல்லும் பொறுப்பு எவருடையது என்பதை அக்காலத்துச் சங்கங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இன்றைய சங்கங்கள் எண்ணிப் பார்க்கின்றனவா என்பதும் ஐயமே.

கடந்த நோன்பு விடுமுறையில் அம்முதியவரிடம் அமர்ந்து, அவர் நினைவிலிருந்து சொன்ன கவிகளை எழுதி எடுத்தேன். மூன்று கொப்பிகளில் இருந்தவற்றுள் பதினான்கு மட்டுமே இதுவரை மீண்டுள்ளன. சிலவற்றில் ஓரடி அவருக்கு மறந்துவிட்டது. அவ்விடத்தை வெறுமையாகவே விட்டுள்ளேன். அச்சிடுவதற்கு நண்பர் சிலர் பணம் சேர்க்க முன்வந்துள்ளனர். ஆனால், நூலில் தமது பெயரைப் போட வேண்டாம் என்கிறார் அவர். கவிக்குப் பெயர் எதற்கு, ஊர்க் கவி என்று போடு என்பது அவர் வாதம். நண்பர்களோ பெயரில்லாத நூலுக்கு முதற் பிரதி வாங்க எவரும் வரமாட்டார் என்கின்றனர். அடுத்த விடுமுறையில் மீண்டும் அவரைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.